இரண்டு அடுப்பிலும் பொங்க வேண்டும்

நான் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த நாட்டை உண்டாக்கியவர்கள் போட்ட சண்டையில்தான் என் வீட்டு உலை கொதிக்கிறது. யாங்கோனில், தாமுவேயில், சாப்பாட்டு மேசையை ஓரமாகத் தள்ளினால் வகுப்பறையாகிவிடும் ஓர் அறையில், அமெரிக்கப் பள்ளி முடிப்புத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். உள்ளூர்ப் படிப்பின் மேல் நம்பிக்கை போன வீடுகள் எல்லாம் இப்போது அந்தத் தேர்வைத்தான் கும்பிடுகின்றன. கணக்குக்கு வேறு ஆள், ஆங்கிலத்துக்கு வேறு ஆள். அமெரிக்க அரசாங்கம் எப்படி உருவானது என்ற பாடத்துக்கு நான். பிள்ளைகள் என்னை 'சயா' என்பார்கள். பர்மிய மொழியில் வாத்தியார் என்று பொருள். இந்த ஊரில் கண்ணாடி போட்ட எவனையும் அப்படிக் கூப்பிடலாம் என்பதால் அதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பாடத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ராஜாவை விரட்டியாகிவிட்டது, இனி எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று தெரியவில்லை. ஒரு கோடை முழுக்கப் பிலடெல்பியாவில் ஒரு கூடத்தில் அடைந்து கிடக்கிறார்கள். பேச்சு வெளியே கசியக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். வாசலில் காவல். உள்ளே கனத்த கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் வியர்த்து வடிகிறார்கள். ஜனம் அதிகமுள்ள மாநிலங்கள் "தலையை எண்ணு" என்கின்றன. சின்ன மாநிலங்கள் "நாங்களும் ஒரு மாநிலம்தானே, ஊருக்கு ஊர் சமம்" என்கின்றன. வேறு தேசத்துக்காரன் கையைப் பிடித்துக்கொள்வோம் என்று ஒரு சின்ன மாநிலத்துக்காரர் மிரட்டுகிற அளவுக்குப் போகிறது. கடைசியில் இரண்டு சபை. ஒன்றில் தலைக்கணக்கு, மற்றதில் ஊர்க்கணக்கு. இரண்டும் சரி என்றால்தான் சட்டம். யாருக்கும் முழுத் திருப்தி கிடையாது, ஆனாலும் எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

அந்தக் கடைசி வரியை நடத்தும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். திருப்தி இல்லாமலேயே எழுந்து வீட்டுக்குப் போக முடிகிறது பாருங்கள். அவர்களுடைய சண்டை காகிதத்தில் முடிந்தது, பிறகு பாடமானது, இப்போது பரீட்சைக் கேள்வி. எங்கள் ஊரில் 'அரசியல் சட்டம்' என்ற சொல்லைத் தேநீர்க் கடையில் கொஞ்சம் உரக்கச் சொன்னால் பக்கத்து மேசைக்காரர் கோப்பையோடு நகர்ந்து உட்காருவார்.

இது தூரதேசத்துப் பொறாமை. இதனால் தூக்கம் கெடாது. என் தூக்கத்தைக் கெடுத்தவன் என் சகலை.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். யாங்கோனிலேயே லான்மடாவ் பகுதியில் தார்ப்பாயும் நைலான் கயிறும் விற்கிறான். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகத் தடவித்தான் படிப்பான். ஆனால் வாயைத் திறந்தால் தமிழ், பர்மி, கொஞ்சம் சீனம் மூன்றும் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு வரும். தலைமுடி முழுசாக இருக்கிறது. அவன் வீட்டு இன்வெர்ட்டர் விடியும்வரை தாங்கும், என் வீட்டினுடையது இரவுச் சாப்பாட்டைக்கூடத் தாங்காது. இதை நான் சொல்லவில்லை, என் மனைவி சொல்வாள்.

எங்களுடையது மிஷன் பள்ளியில் படித்து ஆபீஸ் உத்தியோகம் பார்த்த வேதக்காரக் குடும்பம். சகலையுடையது துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த கோயில்காரக் குடும்பம். பொங்கலுக்கு மட்டும் இரண்டு கூட்டமும் ஒரே புகையில் நின்று கண்ணைக் கசக்கிக்கொள்ளும். தாமுவேயில் அதற்கென்று ஒரு காலி மனை இருந்தது. அதில் இப்போது லிப்ட் வைத்த அடுக்குமாடி நிற்கிறது, லிப்ட் ஓடுவதற்கு மின்சாரம்தான் வருவதில்லை. போன பொங்கலுக்கு என் மனைவி சமையலறையில் கரண்ட் அடுப்பில் பானை வைத்தாள். எங்கள் ஒரே மகன் பாங்காக்குக்கு வேலைக்குப் போன வருடம் அது. பால் நுரைத்து விளிம்புக்கு ஏறியது. குலவையிட அவள் வாயைக் குவித்தபோது கரண்ட் போனது. நுரை அப்படியே கீழே இறங்கியது.

"அவன் போன வருஷமே இப்படி ஆகணுமா" என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் என் மனைவிக்கு நல்ல தேர்ச்சி. வெளியில், விறகு அடுப்பில், மகன் பேருக்கு ஒரு பானை பொங்க வேண்டும் என்று வருடம் முழுக்க அவள் பேசாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்வாண்டேயில் சில தமிழ்க் குடும்பங்கள் உண்டு. நெல் விவசாயம். அறுத்த வயல் இருக்கிறது, புது அரிசி இருக்கிறது, ஊர் முழுக்க மண்பானை செய்கிறார்கள். ஆனால் பானையைத் தூக்கி அடுப்பில் வைக்க ஆள் இல்லை, இளவட்டங்கள் எல்லையைத் தாண்டிவிட்டார்கள். எங்களிடம் ஆள் இருந்தது, இடம் இல்லை. அப்படியானால் சேர்ந்து பொங்க வேண்டியதுதானே என்பீர்கள். அமெரிக்காக்காரர்களும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள்.

சேர்ந்து பொங்குவது என்றால் ஒரு கமிட்டி வேண்டும். எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவது, யார் பானை முதலில், சர்க்கரையா வெல்லமா, வேதக்காரர் ஜெபம் முன்னாலா பின்னாலா, எல்லாவற்றையும் யாராவது முடிவு செய்ய வேண்டும். தாமுவேக்காரர்கள், எங்கள் வீடுகள்தான் அதிகம், தலையை எண்ணி முடிவெடுப்போம் என்றார்கள். த்வாண்டே பக்கத்துக்குப் பேச வந்தவள் ஒரு பெண். என்னைவிடக் கொஞ்சம் இளையவள்தான், ஆனாலும் நாங்கள் எல்லாரும் அக்கா என்போம். வெற்றிலை போட்ட வாய். அவள் சொன்னாள்:

"நெலம் எங்களுது, பானை எங்களுது, பொகையும் எங்க கண்ணுக்கு. முடிவு மட்டும் ஒங்களுதா?"

கூட்டம் நடந்தது சகலை கடை மாடியில். லான்மடாவ் இரண்டு பக்கத்திலும் சேராத இடம் என்பதால் அப்படி. கரண்ட் போய், நடைபாதை ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாகச் செருமிக்கொண்டு எழுந்தன. புகை வருகிறதென்று ஜன்னலைச் சாத்தினார்கள். உள்ளே தார்ப்பாய் நாற்றத்தில் எல்லாரும் வியர்த்தோம். நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன். பிலடெல்பியா! இவர்களுக்கு விடை தெரியாது, எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு கூட்டம் அடித்துக்கொள்ளட்டும், எல்லாரும் களைத்துப்போன நேரத்தில் எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு சபை யோசனையைச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். கண்ணாடி துடைப்பதைக்கூட வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தேன்.

நான் செய்த பிசகு, முந்தின வாரம் தேநீர்க் கடையில் சகலையிடம் அந்தக் கதை முழுவதையும் சொன்னது. அவனை அசத்தலாம் என்று சொன்னேன். அவன் நீளப் பலகாரத்தைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே கேட்டான். "அம்மாம் பெரிய நாடு இப்படித்தான் ஆச்சா அண்ணே?" என்றான். அதோடு பேச்சைக் கயிறு விலைக்கு மாற்றிவிட்டான். மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டு அவனுக்கும் சேர்த்து நானே தேநீருக்குக் கொடுத்தேன்.

கூட்டத்தில் அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்திருக்கப் போனாள். அப்போது சகலை சொன்னான், உட்கார்ந்தபடியே, யாரையோ சீனி எடுத்துத் தரச் சொல்வதுபோல:

"அக்கா, ரெண்டு அடுப்பு வைப்போம். ஒரு அடுப்புல ஆளை எண்ணுவோம். இன்னொரு அடுப்புல ஊரை எண்ணுவோம். ரெண்டுலயும் பொங்கினாத்தான் பொங்கல்."

த்வாண்டேக்காரர் ஒருவர் தொடையைத் தட்டினார். அக்கா சிவந்த பல் தெரியச் சிரித்தாள். "இது பேச்சு" என்றாள்.

இத்தனை வருடமாக அதே விஷயத்தைப் பலகை நிறைய எழுதி, அம்புக்குறி போட்டு, அடிக்கோடு இழுத்து நடத்துகிறேன். என் மாணவன் ஒருவனும் தொடையைத் தட்டியதில்லை. திருடிவிட்டான் என்பது இரண்டாவது கோபம். முதல் கோபம், அந்த வாக்கியம் எனக்கு ஏன் வரவில்லை என்பது.

வீட்டில் என் மனைவி அரிசி களைந்துகொண்டே, "தம்பி எவ்வளவு லேசாச் சொல்லி முடிச்சுட்டாரு" என்றாள்.

"அது நான் சொன்னது."

"நீங்க எப்பச் சொன்னீங்க?"

"டீக்கடையில. அவன்கிட்ட."

"டீக்கடையில சொன்னா கூட்டத்துல இருக்கிறவங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

ஒரு யோசனையை முதலில் சொன்னவர் யார் என்பது முக்கியமில்லை, அது எப்போது ஏற்கப்பட்டது என்பதுதான் முக்கியம் என்று பிள்ளைகளுக்குப் பாடத்தில் சொல்வேன். அந்த வாரத்திலிருந்து அதைச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது கூட்டத்துக்கு நான் கறுவிக்கொண்டுதான் போனேன். தாமுவே பக்கத்துக்குப் பேசும் பொறுப்பை என் தலையில் வைத்திருந்தார்கள், காரணம் என்னிடம் கைப்பை இருந்தது. அன்றைய பிரச்சினை, ஆள் அடுப்பில் யாரை ஆளாக எண்ணுவது. எங்கள் பக்கம் மலேசியாவிலும் தாய்லாந்திலும் இருக்கும் பிள்ளைகளையெல்லாம் எண்ணச் சொன்னது. அதே மூச்சில், த்வாண்டேயில் கல்யாணம் கட்டி வந்திருக்கும் பர்மியப் பெண்களை எண்ணக் கூடாது என்றது, அவர்களுக்குத் தமிழ் வராதாம். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வருகிற அழகை நான் அறிவேன், ஆனால் நான் தாமுவே பக்கம்.

அக்கா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். "பாங்காக்கில இருந்துக்கிட்டு போன்ல பொங்கல் பாக்குறவன் ஆளு. விடியக்காலம் எந்திரிச்சு வெறகு பொளக்குற என் மருமக ஆளில்லையா?"

சகலை வாயைத் திறப்பது தெரிந்தது. அவனுக்கு முன்னால் நான் திறந்துவிட்டேன்.

"இதுக்கும் அமெரிக்காவுல வழி இருக்கு. அங்க சில பேரை அஞ்சுல மூணாக் கணக்கு வச்சாங்க."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே நாக்கு கசந்தது. பாடத்தில் என் குரல் தானாகத் தாழும் இடம் அது. அந்த அஞ்சில் மூன்று பங்கு ஆட்கள் அடிமைகள். அவர்களை வைத்திருந்த எஜமானர்களுக்குச் சபையில் இடம் அதிகம் வேண்டியிருந்தது. அதற்காக அவர்களை எண்ணச் சொன்னார்கள், ஆனால் அவர்களுக்கு வாய் கொடுக்கவில்லை. அடிமைகள் அதிகமில்லாத மாநிலங்கள் முழுசாக எண்ண விடவில்லை. பேரம் அஞ்சில் மூன்றில் நின்றது. பேரம் பேசிய இரண்டு பக்கத்திலும் அந்த ஆட்களில் ஒருவர்கூட இல்லை. நல்ல சமரசத்தையும் கெட்ட சமரசத்தையும் அதே கூடத்தில், அதே வியர்வையில், அதே ஆட்கள்தான் செய்தார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். இத்தனையும் தெரிந்த நான், சகலையை ஒரு முறை முந்துவதற்காக, விறகு பிளக்கும் ஒரு பெண்ணை அஞ்சால் வகுத்துவிட்டேன்.

"எந்த மூணு சயா?" என்றாள் அக்கா. "தலையா, ரெண்டு கையா? காலை எங்க விட்டுட்டு வரச் சொல்றீங்க?"

எங்கள் பக்கத்துக்காரர்களே சிரித்தார்கள். சகலை மட்டும் சிரிக்கவில்லை. அதையும் நான் அவன்மேல்தான் குற்றமாக எழுதிக்கொண்டேன்.

"அண்ணே பரீட்சைக்குச் சொல்றதைச் சொல்லிட்டாரு, விடுங்க அக்கா" என்றான். "அடுப்படிக்கு வர்றவங்க எல்லாரும் முழு ஆளு. எந்த மொழி பேசினாலும் சரி. வர முடியாதவங்களுக்கு வீட்டுலேருந்து ஒரு பானை வந்துச்சுன்னா, அந்தப் பானையும் ஒரு ஆளு. பானை வரலேன்னா ஆளும் இல்லே."

எங்கள் பக்கத்துக்கும் அது பிடித்தது, அவர்கள் பக்கத்துக்கும் பிடித்தது. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அவள் மகன் பாங்காக்கில் இருந்துகொண்டே முழு ஆளாகிவிட்டான். எங்கள் கல்யாணத்திலிருந்து இன்றுவரை நான் பேசி அவள் அப்படிக் கண் துடைத்ததில்லை. துடைத்த சமயங்களுக்கு வேறு காரணம்.

அக்கா ஒரு துணி மூட்டையை அவிழ்த்தாள். மூடி போட்ட அரக்குத் தட்டு. அறை அறையாகத் தடுத்திருந்தது. நடுவில் ஊறவைத்த தேயிலை, சுற்றிலும் வறுத்த பூண்டு, பருப்பு, எள், கடலை, காய்ந்த இறால். பர்மியர்கள் லபெத் என்பார்கள், நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். தட்டு கைமாறி வந்தது. எல்லாரும் ஒரு சிட்டிகை எடுத்தார்கள். சகலை இரண்டு சிட்டிகை எடுத்தான். என்னிடம் வந்தபோது நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எனக்கு வயித்துல புண்ணு. டாக்டர் வேண்டாம்னுட்டாரு."

"ஒரே ஒரு எலை?" என்றாள் அக்கா.

"ஒரு எலையும் ஆகாது."

பிலடெல்பியாவிலும் கடைசி நாளில் மூன்று பேர் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். நான்காவது ஆளாக என்னை அந்தப் பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்தேன். தனியாக, கம்பீரமாக, கொள்கைக்காக. அந்த மூன்று பேர் மறுத்த பிறகும் நாடு உண்டாகிவிட்டது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அக்கா தட்டை மூடினாள். துணியில் கட்டினாள். தன் ஆட்களைப் பார்த்துத் தலையை அசைத்தாள். எல்லாரும் எழுந்தார்கள். "படகுக்கு நேரமாச்சு" என்றாள். யார் முகத்தையும் பார்க்காமல் மாடிப்படி இறங்கிப் போனார்கள்.

எனக்குப் புரியவில்லை. சகலை நெற்றியில் கையை வைத்துக்கொண்டு தார்ப்பாய்ச் சுருள்மேல் உட்கார்ந்தான்.

"அண்ணே, என்ன காரியம் பண்ணிட்டீங்க."

"என்ன பண்ணிட்டேன்? தேயிலைதானே."

"நீங்க டவுன்ல டீயோட சேர்த்து மெல்லுவீங்க. அவங்க ஊருல வரப்புத் தகராறு, மாடு மேஞ்ச தகராறு, எது தீந்தாலும் ரெண்டு பக்கமும் இதைத்தான் திம்பாங்க. தின்னா ஒத்துக்கிட்டாச்சு. திங்கலேன்னா ஒத்துக்கலே. பலகாரம் இல்லேண்ணே அது, கையெழுத்து. தாமுவேக்குப் பேச வந்த ஆளு நீங்க. ஒங்க கை மடியில இருந்துச்சு."

இந்த வழக்கத்தைப் புத்தகத்தில் நான் படித்திருக்கிறேன். 'பண்டைக்கால வழக்கம்' என்ற தலைப்பில் இருந்ததால் முடிந்துபோனது என்று விட்டுவிட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பண்டைக்காலம் இன்னும் முடியவில்லை என்று எந்தப் பதிப்பிலும் போடவில்லை.

"முன்னாலேயே சொல்லியிருக்கலாமில்ல?"

"லபெத்தை வேண்டாம்னு சொல்ற ஒரு ஆளு இந்த நாட்டுல இருப்பான்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி பேசவில்லை. சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். நான் இரண்டாம் முறை சோறு கேட்டபோதுதான் கேட்டாள்.

"ஒங்க வயித்துல எப்பப் புண்ணு வந்துச்சு?"

குழம்பில் மிளகாய் மிதந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் கேட்டது ஒரு அடுப்புங்க. வெளியில, காத்துல, ஒரு அடுப்பு. சண்டையில ஜெயிச்சுட்டு வாங்கன்னா கேட்டேன்?"

அவள் இவ்வளவு பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம். மறுநாள் வகுப்பை ரத்து செய்துவிட்டு ஆற்றைக் கடந்தேன். தனியாகப் போய்க் கம்பீரமாக மன்னிப்புக் கேட்கும் எண்ணம். படகுத்துறையில் சகலை எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான், என் மனைவி போன் போட்டிருக்கிறாள். எதிர்க்கரை டலாவுக்குப் போகும் படகில் காடை முட்டை விற்ற பெண் அவனைப் பார்த்ததும் சிரித்து ஒரு பொட்டலம் கொடுத்தாள், காசு வேண்டாமாம். நான் காசு கொடுத்து வாங்கிய பொட்டலத்தில் முட்டை அழுகியிருந்தது. இயற்கையே அவன் பக்கம்.

அக்கா வாசல் களத்தில் நெல் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சயா. வயிறு எப்படி இருக்கு?"

"சரியாயிடுச்சு" என்றேன்.

"ஒரே ராத்திரியிலயா? நல்ல டாக்டரு."

வழியெல்லாம் ஒரு பேச்சுத் தயார் செய்திருந்தேன். பெருந்தன்மை, விட்டுக்கொடுத்தல், பெரியவை சிறியவை என்று மூன்று பகுதி. முதல் பகுதியைத் தொடங்கும்போதே அவள் உள்ளே போய்த் தட்டோடு வந்தாள்.

"பேச்சு வேண்டாம். நேத்து வந்தவங்க எல்லார் வீட்டுக்கும் நீங்களே எடுத்துட்டுப் போங்க. அவங்க மறுபடி எடுக்கணும், ஒங்க கையிலேருந்து. கடைசியா நீங்க."

"நானும் வர்றேண்ணே" என்றான் சகலை.

"நீங்க இங்க ஒக்காருங்க" என்றாள் அக்கா அவனிடம். அந்த ஒரு வார்த்தைக்காக அவளை நான் ஆயுள் முழுக்க மதிப்பேன்.

முதல் வீடு அவளுடையதே. சமையலறை வாசலில் மருமகள் நின்றாள். சின்னப் பெண், கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சு, கை முழுக்க அடுப்புக் கரி. கூட்டத்தில் நான் சொன்னது ஆற்றைக் கடந்து எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. தட்டை நீட்டினேன். அவள் உள்ளங்கையில் தேயிலையை எடுத்து, விரலால் பிரித்துப் பிரித்து ஐந்து சின்னக் குவியல் வைத்தாள். மூன்றை வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டைத் தட்டில் திருப்பிப் போட்டாள்.

"என் பங்கு இவ்வளவுதானே சயா?" என்றாள் பர்மியில், மிக மரியாதையாக.

எந்த வகுப்பிலும் அந்தப் பாடத்தை யாரும் அவ்வளவு சுருக்கமாக நடத்தியதில்லை. நான் அந்த இரண்டு குவியலையும் எடுத்து மறுபடி அவள் கையில் வைத்தேன். "முழுசா" என்றேன். அவள் அவற்றையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

வெயிலில் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் நாய் குரைத்தது. ஒரு வீட்டில், குளித்துக்கொண்டிருந்தவர் வரும்வரை தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். எல்லாரும் வயிற்றைப் பற்றி விசாரித்தார்கள். திரும்பி வந்து அக்கா முன்னால் உட்கார்ந்து என் சிட்டிகையை எடுத்தபோது, அவள் கூடவே ஒரு பச்சை மிளகாயை வைத்தாள். புண் ஆறிவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம். கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்கு மிளகாய்தான் காரணம் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன்.

"ரெண்டு அடுப்பு யோசனை நல்ல யோசனை. அதுக்காகத்தான் தட்டை மறுபடி தொறந்தேன்" என்றாள் அக்கா சகலையிடம். "எங்கருந்து புடிச்சீங்க?"

"எனக்கு ஏது அக்கா அந்தப் புத்தி? எல்லாம் சயா சொன்னது. அமெரிக்காக் கதை. நான் சும்மா வாயி" என்றான் அவன், கூச்சமே இல்லாமல், நெல்லில் கோழி வராமல் விரட்டிக்கொண்டு.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ நீங்களே ஏன் சொல்லலே?"

இதற்காகத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன். எனக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. ஆனால் அதையும் அவனல்லவா கொடுத்தான், ஒரு முழம் கயிறு இனாமாகக் கொடுப்பதுபோல. எனக்கு அப்படி ஒன்றை யாருக்கும் கொடுக்க மனம் வந்திருக்காது. திரும்பும் படகில் அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். நல்ல தூக்கம்கூட அவனுக்குத்தான்.

பொங்கலன்று த்வாண்டேயில், அறுத்த வயலில், பனி விலகும் நேரத்தில் இரண்டு அடுப்பு மூட்டினோம். கூட்டத்தில் பேச்சுக்குச் சொன்னது, நிஜமாகவே அடுப்பாகிவிட்டது. கிழக்குப் பக்கம் ஆள் அடுப்பு, அதில் எங்கள் பானை. மேற்கே ஊர் அடுப்பு, அதில் த்வாண்டே பானை. சுற்றிலும் மற்ற வீட்டுப் பானைகள், அவற்றில் ஒன்று என் மகன். என் மனைவி அதற்கு மஞ்சள் கட்டி, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். கமிட்டி முடிவு: இரண்டு பெரிய பானையும் பொங்கிய பிறகுதான் குரல். அதுவரை மற்றப் பானைகளுக்குத் தீ வைக்கக் கூடாது, யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

ஆள் அடுப்புக்குத் தீ தள்ளும் பொறுப்பு எனக்கு. ஊர் அடுப்புக்கு, த்வாண்டேக்காரர்கள் எல்லாரும் ஒருமனதாகச் சகலையைக் கேட்டிருந்தார்கள். நான் விறகை அள்ளி வைத்தேன். ஊதினேன். அவனை இன்று ஒன்றிலாவது முந்துவது என்று முடிவு. முந்தியும்விட்டேன். என் பானையில் நுரை எழுந்து கழுத்துக்கு வந்து, விளிம்பைத் தாண்டி, புஸ் என்று தீயில் வழிந்தது. வாயைத் திறந்தேன்.

"இருங்க சயா" என்றாள் அக்கா. "இன்னொண்ணு பொங்கலே."

வாயை மூடினேன். என் பானை பொங்கிக்கொண்டே இருந்தது. பால் வீணாகக் கீழே வழிந்துகொண்டிருந்தது. எல்லாரும் மேற்கே பார்த்தார்கள். சகலையின் விறகு ஈரம் போலிருக்கிறது, ஒரே புகை. அவன் குனிந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதினான். பானை அசையவில்லை. இத்தனை வருடத்தில் அவன் தோற்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, நிதானமாக ரசித்திருக்கலாம். ஆனால் என் மனைவி மகன் பானைக்குக் கீழே விறகை அடுக்கிவிட்டு, கையில் தீக்குச்சியோடு, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் என் அடுப்பிலிருந்து நன்றாக எரியும் கொள்ளியாக ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு மேற்கே ஓடினேன். அவன் அடுப்பில் சொருகினேன். "தள்ளுடா" என்றேன். இருவரும் மண்டியிட்டு, தலையோடு தலை முட்டிக்கொண்டு ஊதினோம். புகையில் அவன் இருமினான், நானும் இருமினேன். இவன் பானை சீக்கிரம் பொங்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது சத்தியம். நுரை ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. வழிந்தது.

"பொங்கலோ பொங்கல்!"

கத்தியது சகலை. என் வாயில் அப்போது சாம்பல் இருந்தது. பின்னாலிருந்து என் மனைவியின் குலவை கேட்டது, ஒரு வருடமாக உள்ளேயே வைத்திருந்தது. திரும்பிப் பார்த்தேன், அவள் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்க எழுந்து நின்றேன். அக்கா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "நல்லா ஊதினீங்க தம்பி" என்றாள் சகலையிடம்.